ஒரே நீளம், வெவ்வேறு இருக்கைகள்

சுசுகி நிறுவனம் 1991இல் கப்புச்சினோ என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீண்ட பானெட், தரையோடு ஒட்டிய உடல், கழற்றி எடுக்கத்தக்க கூரை, இருவர் மட்டுமே அமரும் இடம். இரண்டாண்டு கழித்து, 1993இல், அதே நிறுவனம் வேகன் ஆர் என்னும் காரை வெளியிட்டது. அழகைப் பற்றிப் பெரிதும் கவலைப்படாதவர் வரைந்தது போன்ற நிமிர்ந்த பெட்டி, நால்வர் அமரலாம். இரண்டின் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர், அவை முற்றிலும் வேறுபட்ட அளவுடையவை என்றே துணிவார். ஆனால் இரண்டின் நீளமும் 3,295 மில்லிமீட்டர். அகலமும் ஒன்றே: 1,395 மில்லிமீட்டர். இரண்டுக்கும் 660 சி.சி.க்கு உட்பட்ட மூன்று சிலிண்டர் எஞ்சின்தான்.

இந்த ஒற்றுமை தற்செயலாக நேர்ந்ததன்று. கேய் என்ற பெயரில் மிகச்சிறு வாகனங்களுக்கென ஜப்பானியச் சட்டம் ஒரு வகையை வரையறுத்து, அதற்கு வரிச்சலுகை அளிக்கிறது. அன்றைய வரம்பு நீளத்தில் 3.3 மீட்டர், அகலத்தில் 1.4 மீட்டர், உயரத்தில் 2 மீட்டர். இரு கார்களின் வடிவமைப்பாளர்களும் நீளத்திலும் அகலத்திலும் ஐந்தைந்து மில்லிமீட்டரை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு வரம்பின் விளிம்பு வரை சென்றனர். உயரத்தில்தான் அவர்கள் பிரிந்தனர். கப்புச்சினோ 1,185 மில்லிமீட்டரில் நின்றுவிட்டது. வேகன் ஆர் அதனினும் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயர்ந்தது. அந்த 45 சென்டிமீட்டரில்தான் மேலும் இருவர் அமர்ந்தனர்.

உயரத்தைக் கூட்டினால் தலைக்கு மேலே இடம் கிடைக்கும் என்பது எவருக்கும் விளங்கும். பின்னால் ஓர் இருக்கை வரிசையே எவ்வாறு கிடைக்கும் என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டியது. விடை, மனித உடல் அமரும் முறையில் இருக்கிறது. பாயில் கால் நீட்டி, சுவரில் முதுகு சாய்த்து அமர்பவர் தரையில் எவ்வளவு நீளத்தை எடுத்துக்கொள்கிறார் என்று நோக்குக. அவரே ஒரு முக்காலியில் அமர்ந்தால், அவரது கீழ்க்கால்கள் செங்குத்தாக இறங்கிவிடும், முதுகு நிமிர்ந்துவிடும், தரையில் அவர் கொள்ளும் இடம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஈசிச்சேரை மடக்கி வைத்துவிட்டு நாற்காலி போட்டால் திண்ணையில் இன்னும் இருவர் அமரலாம் என்பது பழைய வீடுகளில் வாழ்ந்தவர் அறிந்ததே. கப்புச்சினோவின் ஓட்டுநர் பாயில் அமர்ந்தவர். வேகன் ஆரின் ஓட்டுநர் முக்காலியில் அமர்ந்தவர். நீளத்துக்கு உயரத்தை ஈடாகக் கொடுத்துப் பெறும் இந்தப் பண்டமாற்றே சிறிய ஹேட்ச்பேக் கார்களின் முழு இரகசியமும்.

எஞ்சின் வைக்கப்படும் முறையும் இதில் சேரும். கப்புச்சினோவில் எஞ்சின் நீளவாக்கில், முன் அச்சுக்குப் பின்னால் வைக்கப்பட்டது. அதன் விசை கியர்பெட்டி வழியாக, இரு இருக்கைகளுக்கும் நடுவே ஓடும் ஒரு தண்டின் மூலம் பின்சக்கரங்களை அடைகிறது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிசமமாகப் பகிரப்படும் என்பதே இதன் நோக்கம். வளைவுகளில் கார் தன் ஓட்டுநரின் எண்ணத்தை உடனே பின்தொடர்வதற்கு இது உதவுகிறது. ஆனால் எஞ்சின் உள்ளே தள்ளப்பட்ட அளவுக்கு மனிதர் பின்னே தள்ளப்படுகின்றனர். வேகன் ஆரில் எஞ்சின் குறுக்குவாக்கில், முன்சக்கரங்களுக்கு இடையிலேயே அடங்கிவிடுகிறது. வீல்பேஸ் எனப்படும் முன்பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் கப்புச்சினோவில் 2,060 மில்லிமீட்டர்; வேகன் ஆரில் 2,335. ஒரே நீளமுள்ள இரு கார்களில் 27 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு. ஹேட்ச்பேக்கின் சக்கரங்கள் நான்கு மூலைகளுக்கும் ஒதுக்கப்பட்டு, நடுவிடம் முழுவதும் மனிதருக்கு விடப்பட்டது.

இந்த எண்ணத்துக்குத் தந்தை என்று எவரையேனும் சொல்ல வேண்டுமானால் அலெக் இசிகோனிசைச் சொல்லலாம். 1956 சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டதன் விளைவாக அவர் உருவாக்கி 1959இல் வெளிவந்த மினி, வெறும் பத்தடி நீளமுடையது. எஞ்சினைக் குறுக்கே திருப்பி, கியர்பெட்டியை அதன் அடியிலேயே பொருத்தி, பத்தங்குலச் சக்கரங்களை மூலைகளுக்குத் தள்ளி, தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பயணிகளுக்கும் பொருள்களுக்கும் அவர் ஒதுக்கினார். மினிக்குப் பின்பக்கம் மேலே திறக்கும் கதவு இல்லை; ஆகவே அது முறையான ஹேட்ச்பேக் அன்று. ஆயினும் இன்று உலகெங்கும் ஓடும் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே.

கூரையைக் கழற்றுவதற்கும் விலை உண்டு. தீப்பெட்டியின் வெளியுறையைக் கையில் எடுத்து முறுக்கிப் பார்த்தால் அது ஓரளவு எதிர்த்து நிற்கும். உள்ளே இருக்கும் தட்டை முறுக்கினால் உடனே வளைந்துவிடும். மூடிய கார் உறையைப் போன்றது. கூரையற்ற கார் தட்டைப் போன்றது. இழந்த விறைப்பை மீட்க, கதவின் அடியில் ஓடும் பக்கச் சட்டங்களைத் தடிமனாக்க வேண்டும். தரைத்தகட்டை வலுவூட்ட வேண்டும். முன்கண்ணாடியின் சட்டத்தைப் பெருக்க வேண்டும். இவை யாவும் உள்ளிருந்தே இடத்தைக் கவர்கின்றன. கப்புச்சினோவில் இன்னொரு நுட்பமான வேடிக்கையும் உண்டு. அதன் கூரை மூன்று அலுமினியத் தகடுகளாகப் பிரியும். பிரித்தவற்றை டிக்கியில் அடுக்கலாம். அடுக்கியபின் டிக்கியில் வேறொன்றும் வைக்க இயலாது. வானத்தைக் காண விரும்புபவர் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். வேகன் ஆரிலோ முன்னிருக்கையின் அடியில்கூட ஒரு சிறு பெட்டியைச் செருகி வைத்திருந்தார்கள்.

இந்தியாவில் இந்த ஒப்பீட்டுக்கு வேறொரு பொருள் உண்டாகிறது. வேகன் ஆர், சற்றே பெரிதாக்கப்பட்ட வடிவில், 1999 டிசம்பரில் இங்கு வந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் சான்ட்ரோ, உயர்ந்த உடலும் நிமிர்ந்த இருக்கையும் கொண்ட காருக்கு இந்தியக் குடும்பங்களைப் பழக்கத் தொடங்கியிருந்தது. பிறகு 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் சிறிய கார் என்பதற்குச் சட்டவழி வரையறை கிடைத்தது. நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள்ளும் டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்குள்ளும் இருக்க வேண்டும். இவற்றுக்கான உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. சரக்கு சேவை வரி வந்த பின்னரும் அந்த வரையறையின் எலும்புக்கூடு மாறவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வரம்புக்குட்பட்ட சிறு கார்களுக்கு 18 விழுக்காடு, அதனினும் பெரியவற்றுக்கு 40 விழுக்காடு என வேறுபாடு இன்னும் பளிச்சிடுகிறது.

இந்த வரையறை நீளத்தை அளக்கிறது, எஞ்சினை அளக்கிறது, உயரத்தைக் கேட்பதே இல்லை. கேட்கப்படாத திசையில் எல்லாரும் வளர்ந்தனர். கேட்கப்பட்ட திசையில் வெட்டிக்கொண்டனர். டாடா இண்டிகோ 2008இல் சி.எஸ். என்ற பெயரில் பின்பக்கம் குறுக்கப்பட்டு வந்தது. மாருதி டிசையர் 2012இல் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கியது. வால் வெட்டப்பட்ட அந்தக் கார்களின் பக்கத்தோற்றத்தை அழகென்று சொல்ல மனம் வராது. ஆனால் உள்ளிருக்கும் இடம் குறைந்ததாக அவற்றை வாங்கியவர் எவரும் பெரிதாக முறையிடவில்லை. குறைந்தது டிக்கிதான், இருக்கையன்று. சட்டத்தின் கண்ணுக்குக் கார் என்பது ஒரு கோடு. அமர்பவருக்கு அது ஓர் அறை.

இன்றைய கார்களைக் கொண்டு இதையே சோதித்துப் பார்க்கலாம். இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகில் மிகுதியாக விற்பனையானது மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989இல் அறிமுகமாகி, 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது காரைக் கண்டது. மாஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை. ஆகவே இது தாளில் நிகழும் ஒப்பீடுதான். எதிரே நிற்பது இந்தியத் தெருக்கள் யாவும் அறிந்த மாருதி ஸ்விஃப்ட். எம்.எக்ஸ்-5 நீளம் 3,915 மில்லிமீட்டர். 2024 ஸ்விஃப்ட் 3,860. ஸ்போர்ட்ஸ் கார்தான் ஐந்தரை சென்டிமீட்டர் நீளமானது. அகலம் இரண்டுக்கும் 1,735. ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபாடில்லை. வீல்பேஸ் முறையே 2,310, 2,450. டிக்கியின் கொள்ளளவு முறையே 130 லிட்டர், 265 லிட்டர். இன்றைய இந்திய வேகன் ஆரை இதே வரிசையில் நிறுத்தினால் வியப்பு இன்னும் பெருகும். 3,655 மில்லிமீட்டர் நீளமுள்ள அது எம்.எக்ஸ்-5ஐவிட 26 சென்டிமீட்டர் குட்டை. வீல்பேஸில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம். டிக்கியில் இரண்டரை மடங்கு பெரிது.

ஒரே அகலத்துக்குள் ஸ்விஃப்ட்டின் பின்னிருக்கையில் மூவர் நெருக்கியேனும் அமர்ந்துவிடுகின்றனர். எம்.எக்ஸ்-5இல் இருவரின் முழங்கைகளே ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கிவிடுகின்றன. நடுவே தண்டு ஓடும் மேடும், இருபுறமும் தடித்த பக்கச் சட்டங்களும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தையே மனிதருக்கு விடுகின்றன.

வரிச்சட்டத்தின்படி எம்.எக்ஸ்-5 இந்தியாவுக்கு வந்தால் என்னவாகும் என்று கேட்பது வீண்பொழுதுபோக்கு அன்று. அதன் நீளம் நான்கு மீட்டருக்குள் அடங்குகிறது. மிகச்சிறிய எஞ்சினே ஒன்றரை லிட்டர் என்பதால் அது பெரிய காராகக் கருதப்படும். இருவர் அமர்வது பெரிய கார், ஐவர் அமர்வது சிறிய கார். இந்தியாவிலேயே பிறந்த ஒரு திறந்த ஸ்போர்ட்ஸ் கார் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1990களின் இறுதியில் பெங்களூருவின் சான் மோட்டார்ஸ் வெளியிட்ட சான் ஸ்டார்ம், கண்ணாடியிழை உடலும் ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சினும் கொண்டது. மிகச் சிலரே அதை வாங்கினர். குடும்பத்துக்கு ஒரு கார் என்பதே கனவாக இருந்த நாட்டில், குடும்பத்தை ஏற்ற இயலாத காருக்கு இடம் குறைவாகவே இருந்தது.

வசதி என்னும் சொல்லுக்கு வருவோர் பலரும் இருக்கையின் மென்மையில் தொடங்குகின்றனர். உண்மையில் வசதி, கார் ஓடத் தொடங்குவதற்கு முன்னரே, கதவைத் திறக்கும் கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. நிமிர்ந்த ஹேட்ச்பேக்கின் இருக்கை, நிற்பவரின் இடுப்புக்குச் சற்றே கீழே இருக்கிறது. முழங்கால் தேய்ந்த முதியவர் ஒருவர் முதலில் பக்கவாட்டில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ளலாம். சேலை உடுத்தியவருக்கும் இதுவே இயல்பான முறை. எம்.எக்ஸ்-5இல் அது இயலாது. தடித்த பக்கச் சட்டத்தைத் தாண்டி ஒரு காலை உள்ளே நீட்டி, உடலை வளைத்து, தரைக்கு அண்மையிலுள்ள இருக்கையில் ஏறத்தாழ விழ வேண்டும். எழுவது அதனினும் கடினம். இருக்கை தாழத் தாழ, எழும்போது முழங்காலும் இடுப்பும் ஏற்க வேண்டிய சுமை கூடுகிறது என்பது உடலியக்கவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. பாயிலிருந்து கையூன்றி எழும் பாட்டிமார் அதை ஆய்வேட்டின் துணையின்றியே அறிவர். ஸ்போர்ட்ஸ் காரை இளமையின் வாகனம் என்பதில் விளம்பரக் கவர்ச்சி பாதி. மீதி முழங்கால் மூட்டு.

ஓடத் தொடங்கிய பின் கதை அவ்வளவு ஒருதலையானதாக இல்லை. தாழ்ந்த கார் வளைவில் சாய்வது குறைவு. உயர்ந்த காரில் தலை, சாய்வின் அச்சிலிருந்து தொலைவில் இருப்பதால், ஒவ்வொரு வளைவிலும் அது பெரிய வில்லை வரைகிறது. மலைப்பாதையில் வேகன் ஆரின் பின்னிருக்கையில் குமட்டல் கண்ட குழந்தைகள் இதற்குச் சான்று. ஓட்டுநரைப் பொறுத்தவரை எம்.எக்ஸ்-5இன் இருக்கை உடலை அணைத்துப் பிடிக்கிறது. கை, கால், கண் மூன்றும் நீட்டிய இடத்திலேயே வேண்டியவை கிடைக்கின்றன. குதிரையும் வீரனும் ஒன்றாதல் என்னும் பொருள்தரும் ஜிம்பா இத்தாய் என்ற சொல்லை மாஸ்டா இதற்காகவே எடுத்தாண்டது. அதை வெறும் விற்பனைச் சொல் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஆனால் அந்தச் சொல்லில் ஒரு குதிரையும் ஒரு வீரனும் மட்டுமே இருக்கின்றனர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

குலுக்கலைப் பற்றிச் சொல்லப்படும் செய்திகளில் ஒன்று பொதுவாக விடுபட்டுப்போகிறது. மேடுபள்ளத்தில் ஓடும் காரில் மேலும் கீழுமான அசைவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரு அச்சுகளுக்கும் நடுவே அது மிகக் குறைவு. அச்சின் மேலே மிகுதி. செங்குத்து அதிர்வில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களே அமர்ந்திருக்கும் உடலை மிகுதியாக வருத்துகின்றன என்று ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலை கொள்கிறது. ஹேட்ச்பேக்கின் ஓட்டுநர் அச்சுகளின் நடுப்பகுதியை ஒட்டி அமர்கிறார். எம்.எக்ஸ்-5இன் ஓட்டுநர், எஞ்சினால் பின்தள்ளப்பட்டு, பின் அச்சுக்குச் சற்றே முன்னால் அமர்கிறார். ஆகவே அவருக்குக் குலுக்கல் மிகுதி. குறுகிய வீல்பேஸ் வேறு காரை முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டுகிறது. 1930களில் ஜெனரல் மோட்டார்சில் பணியாற்றிய மாரிஸ் ஆலி, பின் ஸ்பிரிங்கின் இயல்பு அதிர்வெண் முன் ஸ்பிரிங்கைவிடச் சற்று மிகுந்திருந்தால் இந்த ஊசலாட்டம் விரைவில் அடங்கும் என்று காட்டினார். பின் அச்சின் மேலே அமர்ந்திருப்பவருக்கு அந்த மருந்தும் கொஞ்சம் கசப்பானதே, விறைப்பான ஸ்பிரிங் அவருக்கு அடியில்தான் இருக்கிறது.

அப்படியானால் ஹேட்ச்பேக்கில் பின் அச்சை ஒட்டி அமர்பவர் யார்? பின்னிருக்கைப் பயணிகள். ஸ்போர்ட்ஸ் காரின் ஓட்டுநரும் மாருதியின் பின்னிருக்கைப் பயணியும் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து ஒரே பள்ளத்தை வாங்குகின்றனர். முன்னவர் அதைத் தாமே விரும்பித் தேர்ந்தார். மென்பஞ்சு வைத்த, உடலைத் தாங்கும் இருக்கை அவருக்கு உண்டு. எதிரே வரும் பள்ளத்தைக் கண்டு உடலை இறுக்கிக்கொள்ள அவரால் முடியும். ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகவும் முடியும். பின்னவருக்குத் தட்டையான பலகை போன்ற இருக்கை. முன்னிருக்கையின் முதுகு மறைப்பதால் சாலை தெரிவதில்லை. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருந்தால் அது நற்பேறு. இந்தியக் கார்களில் அங்கே அமர்வோர் பெரும்பாலும் முதியோரும் பெண்களும் குழந்தைகளும். இந்திய சாலைக் காங்கிரசின் நெறிமுறைப்படி வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். பல்கலைக்கழக வளாகங்களின் உள்ளேயே எத்தனை வேகத்தடைகள் அப்படி இருக்கின்றன என்று அளவுகோலுடன் சென்று பார்க்கலாம். தெருவாசிகள் சிமெண்டைக் குவித்துத் தாமே எழுப்பிய தடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எம்.எக்ஸ்-5 அவற்றில் வயிறு தட்டி நிற்கும். ஹேட்ச்பேக் தாண்டிவிடும், தாண்டும்போது பின்னிருக்கையில் இருப்பவரின் முதுகெலும்பு கணக்குத் தீர்க்கும்.

திறந்த கூரை தரும் இன்பத்தையும் அதன் சொந்த நிலத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும். இங்கிலாந்தில் வெயில் அரிதாகக் கிடைக்கும் விருந்து. அதை வீணாக்காமல் நுகர்வதற்கே கூரையைக் கழற்றுகிறார்கள். தில்லியின் மே மாதத்தில் கூரையைக் கழற்றுபவரின் மனநிலை ஆராயத்தக்கது. 1.2 மீட்டர் உயரமுள்ள காரில், சிக்னலில் நிற்கும் லாரியின் சக்கர நட்டுகளும் புகைக்குழாயும் ஏறத்தாழ முகத்துக்கு நேரே வருகின்றன. வேகமாகச் செல்லும்போதோ, முன்கண்ணாடியைத் தாண்டிய காற்று சுழன்று பின்னாலிருந்து திரும்பிப் பிடரியைத் தாக்குகிறது. அதைத் தடுக்கவே இருக்கைகளின் பின்னே ஒரு வலைத்தடுப்பை வைக்கின்றனர். உரையாட விரும்பும் இருவர் குரலை உயர்த்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் மாற்றாகக் கிடைப்பது மாலைநேரத்து வானம், ஈரமண்ணின் மணம், மரநிழல்கள் மடிமீது ஓடிக் கடப்பது. இவை ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும் நாட்டிலும் இவற்றுக்காகச் செலவிட விரும்புவோர் இருப்பர், அவர்களை நகைப்பதற்கில்லை.

இனி அளவுகோல். காரின் கால்நீட்டும் இடமும் தலைக்குமேல் உள்ள இடமும் ஓர் உருவப்பொம்மையை இருக்கையில் வைத்து அளக்கப்படுகின்றன. இடுப்பு மூட்டின் இடத்தைக் குறிக்கும் ஹெச்-புள்ளியே எல்லா அளவுக்கும் தொடக்கம். உலகெங்கும் நெடுங்காலம் பயன்பட்டுவந்த அந்தப் பொம்மை அமெரிக்க ஆண் உடலை அடிப்படையாகக் கொண்டு உருவானது. எம்.எக்ஸ்-5இன் நான்காம் தலைமுறையில் ஸ்டீயரிங்கை முன்பின் நகர்த்தும் வசதி 2019 மாதிரியில்தான் சேர்க்கப்பட்டது. அதுவரை உயரமான ஆண்கள் முழங்கால் இடிப்பதாகக் குறைகூறிக்கொண்டே இருந்தனர். அவர்கள் குரல் எட்ட வேண்டிய செவிகளை எட்டியது. குட்டையான உடல்களின் குறை அவ்வளவு விரைவாகக் கேட்கப்படுவதில்லை. இந்தியாவின் மலிவுவிலை ஹேட்ச்பேக்குகளின் கீழ்நிலைப் பதிப்புகளில் ஓட்டுநர் இருக்கையை உயர்த்தும் நெம்புகோல் இருப்பதில்லை. ஐந்தடிப் பெண்கள் தலையணை வைத்து ஓட்டுவது நாடெங்கும் காணும் காட்சி. இந்திய உடல்களின் அளவுகளைத் திரட்டி தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்த நூலை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்டது. வடிவமைப்புத் துறை மாணவரின் மேசைகளில் அது இன்றும் கிடக்கிறது. கார்க் கடையில் தலையணையும் இன்றும் விற்கிறது.

கார்களைச் சோதித்து எழுதுவோர் பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தே எழுதுகின்றனர். பின்னிருக்கைக்கு அவர்கள் ஒதுக்குவது ஒரு பத்தி. அதிலும் முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி என்பதோடு முடித்துக்கொள்வர். கார் நின்றிருக்கும்போது எடுக்கப்பட்ட அளவு அது. இத்துறையில் ஆய்வுத்தலைப்பு தேடும் மாணவர் ஒருவருக்கு வேண்டியவை மிகச் சில: ஒரு முடுக்கமானி, ஒரு ஸ்விஃப்ட், வளாகத்தின் வேகத்தடைகள், பின்னிருக்கையில் சேலை உடுத்தி அமரச் சம்மதிக்கும் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர். இருக்கையின் அடியில் ஒரு பதிவு, முதுகுக்குப் பின்னே ஒரு பதிவு, ஓட்டுநர் இருக்கையில் ஒப்பீட்டுக்காக ஒரு பதிவு. கதவைத் திறந்து அவர் இறங்கி நிமிர்ந்து நிற்க எத்தனை நொடி ஆகிறது, எழும்போது கையை எங்கே ஊன்றுகிறார் என்பதையும் உடன் குறித்துக்கொள்ளலாம்.